செயலிக்கு யார் வாயிற்காவலர்?

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளிவருகிறது, யாரும் எடுத்தாளலாம். ஆனால், நாம் கடையில் வாங்கும் கைபேசியில் அதன்மீது கூகுளின் பிளே ஸ்டோரும் பிளே சேவைகளும் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் மூலநிரல் மூடப்பட்டது. அதிகாரம் இருப்பதும் அங்கேதான்.

2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலியாயினும், அதை உருவாக்கியவர் தம் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் அந்நிறுவனத்திடம் பதிந்து சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் பிற நாடுகள். மோசடியைத் தடுக்கவே இவ்வேற்பாடு என்கிறார்கள். மோசடி உண்மைதான். ஆயினும் வன்கொடுமைச் சான்றுகளைத் தொகுக்கும் செயலியை உருவாக்கும் களப்பணியாளருக்குப் பெயரை மறைப்பது உயிர்ப் பாதுகாப்பு.

கட்டற்ற செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்ட் உள்ளிட்டோர் எதிர்த்தபின், 'அனுபவமுள்ள' பயனர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து நிறுவிக்கொள்ள வழி தரப்படும் என்று நவம்பரில் கூகுள் இறங்கி வந்தது. சேரியில் முதன்முதலாகக் கைபேசி வாங்கிய பெண் இந்த அனுபவக் கணக்கில் எங்கே வருவார்?

இந்தியாவில் இக்கேள்விக்கு ஒருமுறை விடை கிடைத்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. செயலிகளை நேரடியாக வழங்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. அந்த ஆணையை நீக்கிவிட்டது. தலைப்புச் செய்தியானது அபராதத் தொகை. 2027-க்குள் மீட்கப்பட வேண்டியதோ நீக்கப்பட்ட அந்த ஒற்றை வரி.