தூரமும் வழியும்

சென்ற வாரம் புவியியற் பாடவேளையில் மாணவனொருவன், யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே வானவழித் தூரம் யாதென வினவினான். ஏறக்குறைய 350 கிலோமீற்றர் என்றோம்.

விடை சரியே. ஆயினும், 2012ஆம் ஆண்டில் அது நமக்கு 1,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்டதாயிருந்தது. கண் சத்திரசிகிச்சைக்காக அன்னையாரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். அந்நாளில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இல்லை. இரவு முழுவதும் பேருந்தில் தெற்கே 400 கிலோமீற்றர் சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, வடக்கே ஏறக்குறைய 650 கிலோமீற்றர் பறந்தோம். வரைபடத்தில் கட்டுநாயக்காவையும் சென்னையையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்லும். இதனைக் கூறியபோது அன்னையார், "தம்பி, வீட்டுக்கு மேலாலை பறக்கத்தானோ இரவிரவாய்க் கொழும்புக்கு வந்தனாங்கள்?" என்றார். நாம் விடையின்றி இருந்தோம்.

அவ்வழி புதியதுமன்று. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே பறந்தது. பின்வந்த போர் ஆண்டுகளில் அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. 2019 நவம்பரில் பலாலி – சென்னைச் சேவை தொடங்கி, 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. பறப்பு நேரம் ஒன்றரை மணிக்கு உட்பட்டதே. அதனைக் காண அன்னையார் இருக்கவில்லை.

மாணவர்களே, அளவுகோலால் தூரத்தை அளந்தபின், செல்வதற்கு வழி உண்டா என்பதையும் கேட்டறிவீர்களாக.