கணினிக் குறிப்பேடு: பூட்டிய எழுத்தும் பொதுத் திறவுகோலும்

எழுதியவன் மறைந்த பின்னரும் எழுத்து வாழும் என்ற நம்பிக்கையிலேதான் மனிதன் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தன் கருத்தைப் பொறித்து வந்தான். ஓலையைச் செல்லரிக்கும், தாளை நெருப்பு உண்ணும். இவற்றை நாம் அறிவோம். ஆயினும் செல் அரிக்காமலும் நெருப்புத் தீண்டாமலும் ஓர் எழுத்துத்தானும் அழியாமல் இருந்தும், எவராலும் வாசிக்க முடியாத நிலையை ஒரு நூல் அடையக்கூடும் என்பது கணினி யுகம் நமக்குக் காட்டிய புதுமையாகும். இவ்வாரம் நமது குறிப்பேட்டில் அந்தப் புதுமையையே எடுத்துக்கொள்கிறோம். வாசகர் பலரின் வீட்டு அலுமாரியிலும் அத்தகைய நூலொன்று உறங்கிக் கொண்டிருக்கக் கூடுமாதலின், இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று.

ஓர் இறுவட்டின் கதை

எமக்கு அறிமுகமான குடும்பத்தார் அண்மையில் பழைய இறுவட்டு ஒன்றை எம்மிடம் கொணர்ந்தனர். அவ்வீட்டுப் பெரியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1998 ஆம் ஆண்டில் தமது கிராமத்தின் வரலாற்றைத் தாமே சொல்லச் சொல்ல, ஒரு தட்டச்சு நிலையத்தில் அதனைக் கணினியில் ஏற்றுவித்தார். கிணறுகளின் பெயர்கள், குளத்தின் கதை, பள்ளிக்கூடம் தோன்றிய விதம், நான்கு தலைமுறை உறவுமுறை ஆகியன அதில் அடங்கியிருந்தன. அவர் காலமாகிவிட்டார். அச்சிட்ட பிரதிகள் இடப்பெயர்வுகளில் சிதறிப்போயின. எஞ்சியது இறுவட்டு ஒன்றே.

க.பொ.த. உயர்தரம் கற்கும் பேரன் அதனைத் திறந்து பார்த்தான். தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாய் நிறைந்திருந்தன.

“இது பழுதாய்ப் போய்விட்டது, அம்மம்மா. அழித்துவிடட்டுமா?” என்றான்.

“பொறு தம்பி. அப்பப்பா அவ்வளவு பாடுபட்டது வீணாய்ப் போகுமா? தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிப் பார்ப்போம்,” என்றார் அம்மூதாட்டி.

அந்த ஒரு சொல்லே நூலைக் காத்தது. கோப்பு பழுதாகவில்லை. அது பூட்டியிருந்தது, திறவுகோல்தான் தொலைந்திருந்தது.

கண்ணுக்குத் தமிழ், பொறிக்கு ஆங்கிலம்

இப்பூட்டு எவ்வாறு உண்டாயிற்று? கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணையே அது சேமித்து வைக்கிறது. முற்காலக் கணினிகளில் இதற்கென இருந்த இடங்கள் 256 மட்டுமே. அவற்றுள் முற்பாதியை ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும் குறியீடுகளும் பிடித்துக்கொண்டன. நமது தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள்.

இந்நெருக்கடியில் தமிழ் அன்பர்கள் ஓர் உபாயம் கண்டனர். ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு, திரையில் தோன்றும் வடிவத்தை மட்டும் தமிழாக மாற்றினர். அவ்வாறு அமைந்த எழுத்துருக்களுள் நம் நாட்டில் மிகப் பரவியது பாமினி. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைவரிசையை ஒட்டி அது அமைந்திருந்தது. அப்பொறியை வகுத்த முன்னோடி, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டு பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா என்பது நமக்குப் பெருமை தருவதாகும். தட்டச்சுப் பழகிய கைகள் கணினிக்கு எளிதில் மாற இவ்வமைப்பு உதவிற்று. மணமக்கள் அழைப்பிதழும், பாடசாலை மலரும், முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டும் இத்தகைய எழுத்துருக்களிலேயே உருவாயின.

ஓர் உதாரணம் காண்போம். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினியில் பதிவது 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்கள். ஆங்கில வழக்கில் இவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்பவற்றுக்கு உரியன. பாமினி எழுத்துரு இருக்கும் கணினி அவற்றைத் ‘தமிழ்’ என்று காட்டும். அது இல்லாத கணினியோ உள்ளதை உள்ளபடி காட்டும். பேரன் கண்டது அதுவே.

இதனிலும் பெரிய இடர், இத்தகைய எழுத்துருக்கள் பல இருந்தமை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பத்திரிகையும் தத்தமக்கெனத் தனி அமைப்பை வைத்திருந்த காலம் அது. ஒருவர் எழுதிய மின்னஞ்சலை மற்றவர் வாசிக்க, அதே எழுத்துரு அவரிடமும் இருத்தல் வேண்டும். ஒரே மொழி பேசுவோர் ஒருவருக்கொருவர் அந்நியராய் நின்றனர்.

பொதுத் திறவுகோல்

உலகின் மொழிகளுக்கெல்லாம் ஒரே எண்வரிசை என்னும் கொள்கையோடு தோன்றியது யூனிக்கோட். ஒருங்குறி என நாம் அதனை வழங்குகிறோம். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இங்கு ‘தமிழ்’ என்பது 2980, 2990, 3007, 2996, 3021. இந்த எண்கள் வேறெந்த மொழிக்கும் உரியன அல்ல. கொழும்பிலாயினும் கனடாவிலாயினும், எந்த எழுத்துருவில் திறந்தாலும், இவை தமிழாகவே தோன்றும். விண்டோஸ் 2000 முதலாக மைக்ரோசொவ்ற் நிறுவனமும் லதா என்னும் எழுத்துருவோடு இதனை ஏற்றது. இன்று கைத்தொலைபேசியில் நம் பிள்ளைகள் எழுதும் தமிழ் அனைத்தும் ஒருங்குறியே.

247 எழுத்தும் 128 இடத்துள் அடங்கியது எங்ஙனம் என மாணவர் வினவலாம். உயிர்மெய்களுக்குத் தனியிடம் தராமல், மெய்வரிசையின் அடிப்படை எழுத்தையும் உயிர்க்குறியையும் அடுத்தடுத்து வைப்பதே வழி. இங்கு சுவையான வேறுபாடு ஒன்றுண்டு. ‘கே’ என எழுதும்போது முதலில் கொம்பையும் பின்னர் ககரத்தையும் வரைகின்றோம். பாமினியும் அவ்வாறே கொம்பை முதலில் வைக்கும். ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் ஏகாரக் குறியைப் பின்னரும் வைக்கும். முன்னது கண்ணின் வரிசை. பின்னது நாவின் வரிசை. மெய் முன்னும் உயிர் பின்னுமாய் உயிர்மெய் ஒலிக்கும் என்ற இலக்கண விதிக்கு இயைந்தது நாவின் வரிசையே.

ஒருங்குறியிலும் குறை இல்லாமல் இல்லை. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னரும் நிற்கின்றன. எண்ணின்படி மட்டும் சொற்களை அடுக்கினால் அகராதி வரிசை குலையும்; அதனைச் சீராக்கத் தனி விதி தேவைப்படுகிறது. ஆயினும் அனைவரும் ஒப்புக்கொண்ட குறையுள்ள திறவுகோல், ஒருவரிடம் மட்டும் உள்ள குறையற்ற திறவுகோலினும் சிறந்தது என்பதே எமது துணிபு.

மாற்றும் முறை

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் பல இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ அவற்றுள் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. பழைய எழுத்தை ஒரு பெட்டியில் இட்டு, அது இன்ன எழுத்துரு எனக் குறித்தால், மறுபெட்டியில் ஒருங்குறித் தமிழ் வந்துவிடும். ஆசிரியரின் நூல் முழுவதும் ஒரு நிமிடத்துள் தமிழாயிற்று. அதனைக் கண்டபோது அம்மூதாட்டியின் கண்கள் கலங்கின.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. பழைய பள்ளி அதிபராயிருந்த பாதிரியாரின் பெயருக்கு முன் ‘ஃபாதர்’ என ஆங்கில எழுத்தில் இருந்த சொல், ‘குயவாநச’ என மாறி நின்றது. ஆங்கிலச் சொற்களும் அதே எண்களையே உடையன. மாற்றும் செயலி இரண்டையும் பிரித்தறியாது. ஆகவே ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களையெல்லாம் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்த வேண்டியதாயிற்று. தட்டச்சாளர் விட்ட பிழைகளும் பல. ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் எது சரி என்பதைப் பேரன் அறியான்; பாட்டியார் அறிவார். இரவு உணவின் பின் பேரன் வாசிக்க, பாட்டியார் திருத்த, வேலை பல வாரம் நடந்தது. பொறி ஒரு நிமிடத்தில் செய்ததை மனிதர் பல வாரம் இருந்து முழுமையாக்கினர். பாட்டியார் இருக்கும்போதே அது நடந்தது என்பதே இதில் முக்கியமானது.

நமக்கு மட்டுமா இந்த இடர்?

வளம் மிகுந்த நாடுகளும் இதற்குத் தப்பவில்லை. 1086 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கிட்டு எழுதிய டூம்ஸ்டே ஏடு இன்றும் வாசிக்கத்தக்கதாய் இருக்கின்றது. அதன் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986 இல் பி.பி.சி. நிறுவனம் பாடசாலை மாணவரின் துணையுடன் புதியதொரு கணக்கைத் திரட்டி லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அத்தட்டை வாசிக்கும் கருவிகள் அருகிவிட்டன. ஆய்வாளர் பெருமுயற்சி செய்தே அதனை மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதியது 900 ஆண்டு நின்றது. லேசரில் எழுதியது 15 ஆண்டில் தள்ளாடியது.

நம்மவருக்கு இப்பாடம் புதிதன்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றுமுன் பட்ட பாட்டை எண்ணுக. ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேற்றுமை தெரியாது. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தோர் இருந்த காலத்திலேயே அதனை அச்சுக்கு மாற்றியதால் நூல் பிழைத்தது. ஏட்டிலிருந்து அச்சுக்கு அவர் செய்த மாற்றமும், பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு நாம் செய்ய வேண்டிய மாற்றமும் ஒரே இனத்தவை.

இணையத்திற் கண்ட மூன்று களஞ்சியங்கள்

இவ்வகைப் பணியைப் பெருமளவில் செய்வோரையும் வாசகர் அறிந்திருத்தல் நன்று. முதலாவது, மதுரைத் திட்டம். 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடக்கிய இம்முயற்சியில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி வழங்குகின்றனர். தொடக்க கால நூல்களைப் பின்னர் அவர்களே ஒருங்குறிக்கு மாற்றினர்.

இரண்டாவது, நூலகம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தகைய இழப்பு மீண்டும் நேராதிருக்க, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்து வருகிறது இந்நூலகம். நினைவு மலர்களுக்கும் அங்கு இடமுண்டு.

மூன்றாவது, அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் 1996 இல் நிறுவிய இணைய ஆவணக் காப்பகம். மறைந்துபோன வலைப்பக்கங்களின் பழைய தோற்றத்தை 2001 முதல் அது எவர்க்கும் காட்டி வருகிறது. ஜியோசிற்றீஸ் என்னும் இலவச வலைத்தளம் 2009 இல் மூடப்பட்டபோது, அங்கிருந்த பல பக்கங்கள் இக்காப்பகத்தாலேயே தப்பின. பழைய தமிழ்ப் பக்கங்களை அங்கே காண்போர்க்கு, நாம் மேலே கூறிய மாற்றுச் செயலி கைகொடுக்கும்.

வீட்டில் செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய இறுவட்டுகளையும் பென்டிரைவ்களையும் தேடி எடுங்கள். பொருளற்ற ஆங்கிலமாய்த் தோன்றும் கோப்பை ஒருபோதும் அழியாதீர்கள். அதில் அரைப்புள்ளிகள் மிகுந்து, ஜே, கே, பி, ஓ என்ற தொடரும் காணப்பட்டால், அது பெரும்பாலும் பாமினித் தமிழே. மூலத்தைத் தொடாமல் வைத்து, அதன் பிரதியை மட்டும் மாற்றுங்கள். எந்த எழுத்துருவிலிருந்து மாற்றினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மாற்றியதை வெவ்வேறு மூன்று இடங்களிற் சேமியுங்கள். ஒன்று வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம் இருப்பது நலம்.

இடம் போதுமோ என்ற கவலை வேண்டியதில்லை. ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறி பெரும்பாலும் 3 பைட் இடத்தையே பிடிக்கும். பக்கத்துக்கு 2000 குறி வீதம் 300 பக்க நூலுக்கு வேண்டியது 18 இலட்சம் பைட். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே சில வேளை அதனினும் பெரிதாயிருக்கும்.

இடம் மலிந்து கிடக்கிறது; செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அரிதாகி வருவது ஒன்றுதான்: ‘இந்தப் பெயர் இப்படியன்று, இப்படி’ என்று திருத்தித் தரத்தக்க முதியோரின் நினைவு. அவர்கள் அருகில் இருக்கும் நாட்களிலேயே இறுவட்டைத் திறந்து, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டுங்கள்.