மாவு பிசைந்த கையும் காமிராவும்

"கலையா? நமக்கெல்லாம் அதுக்கு ஏது நேரம்? பிள்ளைங்க கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் பார்க்கலாம்!"

நம்மில் பலர் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. கோல நோட்டையும் வண்ணப் பெட்டியையும் பரணில் ஏற்றிவிட்டு, ஓய்வு வரட்டும் என்று காத்திருக்கிறோம். அதுவோ வருவதாகக் காணோம்! ஓய்வுக்குக் காத்திராமல், செய்த வேலையையே கலையாக்கிய ஒரு பெண்மணியைப் பற்றி இந்த முறை சொல்கிறேன், சகோதரிகளே.

அவர் பெயர் ஈவ்லின் கேமரூன். 1868-ல் இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1889-ல் யூவன் கேமரூன் என்பவரை மணந்து, தேனிலவுக்காக அமெரிக்காவில் உள்ள மான்டானாவுக்குப் போனார். அந்த இடம் இருவருக்கும் பிடித்துப் போயிற்று. பிறகு அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

அது யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் டெர்ரி என்ற சிற்றூரை ஒட்டிய பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிதான். அதில் மாடு, குதிரை, ஆடுகளைப் பரந்த வெளியில் மேயவிட்டு வளர்ப்பார்கள். அப்படிப்பட்ட மேய்ச்சல் பண்ணைக்கு அந்த ஊரில் 'ராஞ்ச்' என்று பெயர். போலோ விளையாட்டுக்கான குதிரைகளை வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்பது இவர்கள் போட்ட கணக்கு. கணக்குப் பொய்த்தது. கையில் இருந்த பணம் கரைந்தது.

கணவருக்கோ பறவை ஆராய்ச்சியில்தான் மனம். பண்ணை வேலை பெரும்பாலும் அம்மணியின் தலையில்! பால் கறப்பது, ரொட்டி சுடுவது, விறகு வெட்டுவது, தோட்டம் போட்டுக் காய்கறியை விற்பது, குதிரைகளைப் பழக்குவது என்று விடிந்ததிலிருந்து ஓயாத வேலை. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் வீடும் அல்ல, மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய வீடு. குளிர்காலத்தில் உறைபனி வேறு.

இந்த நிலையில், 1894-ல், சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து வைத்திருந்த விருந்தாளி ஒருவரிடம் அவர் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல, நாலு காசு வருமே என்றும்தான். அந்தக் காலக் காமிராவில் படம் பதிவது கண்ணாடித் தகட்டில். சுமையோ சுமை, கைதவறினால் உடைந்துவிடும். அதையெல்லாம் குதிரையில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்ப் படம் பிடித்தார். படம் ஒன்று 25 சென்ட், அதாவது கால் டாலர்.

குதிரையில் பெண்கள் ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்று இருந்த நாட்கள் அவை. இவர் நடுவில் பிளந்த பாவாடை அணிந்து, ஆண்களைப் போல இருபுறமும் கால்போட்டுச் சவாரி செய்தார். பக்கத்து நகரமான மைல்ஸ் சிட்டியில், "இப்படி வந்தால் கைது செய்வோம்" என்று மிரட்டினார்களாம். அசரவில்லை அவர்!

என்னத்தைப் படம் எடுத்தார் என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. அழகான மலையையும் அருவியையும் தேடி அவர் ஓடவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள், மாடு ஓட்டும் சகோதரிகள், புதிதாகக் குடியேறி வெட்டவெளியில் வீடு கட்டி நிற்கும் தாயும் பிள்ளைகளும் ஆகியோரைத்தான் படம் பிடித்தார். தன்னையும் விட்டுவைக்கவில்லை. 1904-ல் எடுத்த ஒரு படத்தில், தன் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். 1912-ல் எடுத்த இன்னொன்றில், ஜிம் என்ற தன் குதிரையின் முதுகில் நிமிர்ந்து நிற்கிறார்! மாவு பிசைவதும் படம் எடுக்கத் தக்க காரியம்தான் என்று அவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1915-ல் கணவர் காலமானார். அதன் பிறகும் ஈவ்லின் ஊரைவிட்டுப் போகவில்லை. தனியாளாகப் பண்ணையை நடத்தினார். 1928-ல் கண்ணை மூடினார்.

அதன் பிறகு? அவருடைய கண்ணாடித் தகடுகளும் நாட்குறிப்புகளும் அவரது தோழி ஜேனட் வில்லியம்ஸிடம் வந்தன. அந்த அம்மாள் அவற்றைத் தன் வீட்டு நிலவறையில் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, சுமார் 50 வருஷம்! 1970-களின் இறுதியில் டோனா லூசி என்ற எழுத்தாளர் தேடி வந்து பார்த்தபோது, சுமார் 1,800 தகடுகள் இருந்தன. 1990-ல் புத்தகம் வெளிவந்தது. பெண்கள் பண்ணையில் எப்படி உழைத்தார்கள் என்பதை உலகம் அப்போது கண்ணால் பார்த்தது. 'பழைய சாமான்தானே' என்று அந்தத் தோழி ஒருநாள் தூக்கிப் போட்டிருந்தால்? நினைக்கவே பகீரென்கிறது.

நம் வீடுகளில் அப்படித் தூக்கிப் போட்டது எத்தனையோ! கல்யாண ஆல்பம் இருக்கும். ஆனால் மாமியார் அம்மியில் அரைத்த படம் இருக்கிறதா? அம்மா தையல் மிஷினில் குனிந்திருந்த படம்? நாம் எடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 'வேலையைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?' என்று விட்டுவிட்டோம்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன். கண்ணாடித் தகடும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். சில யோசனைகள் சொல்கிறேன்:

வேலை செய்யும்போதே எடுங்கள். "இங்கே பாரு, சிரி" என்று நிறுத்த வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இருந்தாலே போதும். ஃப்ளாஷ் வேண்டாம்.

வரைகிறவர்கள் வரையுங்கள், எம்பிராய்டரி தெரிந்தவர்கள் அதிலே செய்யுங்கள். மயில், ரோஜா போட்டது போதும். உங்கள் வீட்டு மாட்டையும் முறத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நல்ல படங்களில் சிலவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். போன் பழுதானால் எல்லாம் போச்சு! பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறம் தெரியும். ஒட்டும் பசைப் பக்கங்கள் உள்ள ஆல்பம் வேண்டாம், படம் பழுத்துப் போகும். ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள்.

ஈவ்லின் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதினார். அவர் படங்களைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிவது அதனால்தான். நீங்களும் நாளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமே அதற்குப் போதுமே!