தட்டில் மிஞ்சிய ஸ்பிரிங்

"உன் புத்தி எங்கே போச்சு?" நம் வீடுகளில் யாராவது எதையாவது மறந்துவிட்டால் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான். சரி, திட்டினால் மறதி போய்விடுமா? போகாது என்பதை 1961லேயே ஜப்பானில் ஒரு தொழிற்சாலை கண்டுகொண்டது.

யமாடா எலெக்ட்ரிக் என்ற அந்தத் தொழிற்சாலையில் சின்ன சுவிட்ச் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். பெட்டி நிறைய ஸ்பிரிங் இருக்கும், எடுத்து எடுத்து வைப்பார்கள். எப்போதாவது ஒன்று விட்டுப் போகும். வாங்கியவர்களிடமிருந்து புகார் வரும். "கவனமாக இருங்கள்!" என்று மேலதிகாரி எச்சரிப்பார். கொஞ்ச நாள் சரியாக நடக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் வந்து பார்த்தார். ஒரு சிறு தட்டு வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் சுவிட்சைப் பூட்ட வேண்டும். முடித்த பின் தட்டில் ஒன்று மிஞ்சினால், விட்டுப் போனது அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் குறை அடியோடு நின்றது.

இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு அப்போது 'முட்டாள்தனத்துக்குத் தடுப்பு' என்ற பொருளில்தான் பெயர். 1963ல் வேறொரு தொழிற்சாலையில் அதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, 'என்னை முட்டாள் என்றா நினைத்தீர்கள்?' என்று அழுதுவிட்டாராம். ஷிங்கோ பெயரையே மாற்றிவிட்டார். 'போகா யோகே', அதாவது கைத்தவறுக்குத் தடுப்பு! அந்தப் பெண்ணின் அழுகை நமக்குப் புரியாதா என்ன?

வீட்டிலும் இதைச் செய்யலாம். என் மாமனாருக்கு மூன்று வேளையும் மாத்திரை உண்டு. "காலையில் போட்டேனாம்மா?" என்று கேட்பார். சந்தேகத்தில் இரண்டாம் தடவை விழுங்கினால் ஆபத்தாச்சே! அதனால் விடிந்ததும் அன்றைய மாத்திரைகளை அட்டையோடு கத்தரித்து, மூன்று கிண்ணங்களில் வேளைவாரியாகப் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிடுகிறேன். கிண்ணம் காலி என்றால் மாத்திரை போட்டாயிற்று. கேள்வியும் இல்லை, சந்தேகமும் இல்லை.

மகளோ, மருமகளோ, வேலைக்கு வரும் அம்மாவோ, அடுத்த முறை யாராவது எதையாவது மறந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். மறந்தது கண்ணில் படும்படி ஒரு தட்டு வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.