தருமமா? உரிமையா?

நமது நாட்டில் தருமத்திற்குப் பஞ்சம் இருந்ததாக எவரும் சொல்ல முடியாது. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், கும்பாபிஷேகம் என்று பணம் வாரி இறைக்கப்பட்டும், பள்ளிக்கூட வாசலை மிதியாத மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்ததற்குக் காரணம் என்ன? கொடுத்தவன் தன் புண்ணியத்திற்காகக் கொடுத்தானேயன்றி, வாங்குபவன் மனிதனாக வாழ வேண்டுமென்று கொடுக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

பச்சையப்ப முதலியார் சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். 1794-இல் காலஞ்சென்ற அவருடைய உயில், கோவில் பூஜைக்கும் தான தருமத்துக்கும் வழி செய்தது. அப்பணம் நெடுநாள் முடங்கிப் பெருகி, கோர்ட்டு தலையிட்ட பிறகே, அதன் உபரியிலிருந்து 1842-இல் பள்ளிக்கூடம் பிறந்தது. பிறந்த பிறகாவது எல்லோருக்கும் கதவு திறந்ததா? ஆதிதிராவிடப் பிள்ளைகள் நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இந்துவல்லாதாருக்கோ 1947 வரை அக்கல்லூரியில் இடமில்லை. பணம் தருமப் பணந்தான். பங்கீட்டிலே சாதி உட்கார்ந்திருந்தது!

இது பழங்கதை என்பார் மாமல்லபுரம் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். ஸ்தலசயனப் பெருமாள் கோவில் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் விரட்டப்பட்டதை, பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் 2021-இல் நாடறியப் பேசினார். அதன் பிறகே மந்திரி அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வருஷம் நவம்பர் 4-ந் தேதி முதல் மந்திரியே பூஞ்சேரிக்குச் சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். இதில் நாம் மெச்சுவது பந்தியை அல்ல, சான்றிதழையே. சோறு ஒரு வேளைப் பசியோடு தீர்ந்தது. அக்காகிதம் இல்லாத பிள்ளைக்கோ ஒதுக்கீட்டு இடம் இல்லை. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின் பலனும் அக்காகிதம் வழியாகத்தான் குடிசைக்கு வந்து சேர வேண்டும்.

சாதிப் பட்டத்தை விடச் சொன்ன 1929-ஆம் வருஷத்துச் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டின் வழிவந்த நாம், சாதிச் சான்றிதழ் கேட்கலாமா என்று சிலர் குதர்க்கம் பேசலாம். பட்டம் உயர்வு கொண்டாட; சான்றிதழ் பறிகொடுத்ததைத் திரும்பப் பெற. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

இக்காலத்தில் படித்த வாலிபர் சிலர் தரும ஸ்தாபனங்களில் கல்வித் தொண்டையே ஜீவனமாகக் கொள்ளுகிறார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 100-க்கு 2 வீதம் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் சொல்லுகிறது. கல்வியும் அக்காரியங்களில் ஒன்று. தொண்டுக்குச் சம்பளம் வாங்குவது இழுக்கு என்று நாம் சொல்லமாட்டோம். கூலியில்லாத் தொண்டு சொத்துள்ளவனுக்கே சாத்தியம். சேரியிலும் மீனவர் குப்பத்திலும் பிறந்தவர் இவ்வேலைக்கு வரவேண்டுமானால் சம்பளம் இருந்தே தீர வேண்டும்.

ஆனால் அவர்களை ஒன்று கேட்கிறோம். நோட்டுப் புஸ்தகம் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறீர்களா, அல்லது சான்றிதழ் கிடைக்காத பிள்ளைக்காகச் சர்க்கார் ஆபீஸ் படியேறுகிறீர்களா? உங்கள் நிர்வாக சபையில் இருளர் ஒருவருக்காவது நாற்காலி உண்டா?

6 முதல் 14 வயது வரை கல்வி பெறுவது உரிமையென்று 2009-லேயே சட்டம் செய்தாகிவிட்டது. உரிமையைப் பிச்சையாகப் போடுகிறவன் தருமவானல்லன். ஊரார் தாமே நிமிர்ந்து நின்று கேட்டு வாங்கும்படி செய்துவிட்டு, இனி நமக்கு இங்கு வேலையில்லை என்று எழுந்து வருபவனே உண்மைத் தொண்டன்.