உடற்பயிற்சி: யார் சொல்வதை நம்புவது?

"தினமும் நூறு முறை படுத்தெழுந்தால் போதும், பத்தே நாளில் தொப்பை கரையும்!" கைபேசியைத் திறந்தால் இத்தகைய அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. சொல்பவரோ கட்டுமஸ்தான உடலுடன் காட்சி தருகிறார். மாணவர் பலர் அந்த உடலையே சான்றாகக் கொண்டுவிடுகின்றனர். இது சரியன்று என்பதே என் கருத்து.

ஒருவரது உடற்கட்டு வயது, பரம்பரை, உணவு, பல்லாண்டுப் பயிற்சி ஆகியவற்றின் கூட்டு விளைவு. படம் பிடித்த கோணமும் வெளிச்சமும் கூட அதில் சேரும். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல இயலாது. அதற்கு ஒப்பிட்டு அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்தவர்கள் உண்டு. 1971-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தனர். மட்டை பிடிக்கும் கை மற்றக் கையைவிடப் பல மடங்கு உழைக்கிறது. உழைக்கும் இடத்துக் கொழுப்புதான் கரையும் என்றால், அந்தக் கையில் கொழுப்பு குறைந்திருக்க வேண்டுமல்லவா? தசை பருத்திருந்தது உண்மை. ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

1984-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 13 ஆண்கள் 27 நாட்களில் 5,004 முறை படுத்தெழுந்தனர். 6 பேர் பயிற்சி செய்யாமல் ஒப்பீட்டுக்காக இருந்தனர். வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய இடங்களிலிருந்து ஊசியால் கொழுப்புத் திசுவை எடுத்து அளந்தனர். வயிற்றுக் கொழுப்பணுக்கள் மட்டும் தனியாகச் சிறுத்துவிடவில்லை.

காரணம் என்ன? உழைப்பின்போது உடலின் பல பகுதிகளிலுள்ள கொழுப்பு, கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. தசை தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்தே பெறுகிறது. மேலே படிந்துள்ள கொழுப்பை மட்டும் உறிஞ்சிக்கொள்வதில்லை.

இவை சிறிய ஆய்வுகளே. எனினும் எத்தனை பேர், எத்தனை நாள், எதை எப்படி அளந்தோம் என்று அவை சொல்கின்றன. ஐயமுள்ளவர் மீண்டும் சோதித்துப் பார்க்கலாம். காணொளியில் வருபவர் இதையெல்லாம் சொல்கிறாரா? பேச்சின் முடிவில் புரத மாவு டப்பாவை நீட்டுகிறாரா? இவ்விரு கேள்விகளையும் தவறாமல் கேளுங்கள்.

5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் நன்கு மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். இது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இதற்கு எந்த டப்பாவும் தேவையில்லை. பள்ளி மைதானமே போதும்.

ஆனால் அந்த மைதானத்திற்குரிய நேரம் என்னவாகிறது? தேர்வு நெருங்கினால் பல பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. கேட்டறிய ஆசிரியர் அருகில் இல்லாதபோது, மாணவன் கைபேசியிடம்தான் கேட்பான். ஆகவே மாணவர்களே, ஐயங்களை முதலில் உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். வலியோ நோயோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த ஒரு பாடவேளையை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் பணிவுடன் கேட்கவும் தயங்காதீர்கள்.