கடல் கடந்தவர்களின் கோப்பை

2022 கோடையில் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில், கேலிக் கால்பந்தின் அகில அயர்லாந்து ஜூனியர் இறுதிப்போட்டியில் நியூயார்க்கை வீழ்த்தி கில்கென்னி கவுண்டி வாகை சூடியது. நாடு அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. கெர்ரி கவுண்டி தன் 38ஆவது சீனியர் கால்பந்துப் பட்டத்தை வென்ற கோடை அது. மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங்கில் 36 முறை பட்டம் வென்ற அதே கில்கென்னி, அந்த ஆண்டு ஹர்லிங் இறுதிப்போட்டியில் லிமெரிக்கிடம் தோற்ற துயரத்தில் தன் கால்பந்து வீரர்களைத் தானே மறந்துபோயிருந்தாலும் வியப்பதற்கில்லை.

ஜூனியர் என்பது வயதில் இளையோருக்கானதன்று. சீனியர் அணியில் இடம் கிட்டாத வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கானது. 1912இல் தொடங்கி, முதல் பட்டத்தை டிப்பரரிக்குத் தந்த இந்தப் போட்டியின் வெற்றியாளர் பட்டியலை ஆற அமரப் படிப்பவருக்கு, ஐரிஷ் கவுண்டிகளின் பெயர்களுக்கு நடுவே லண்டன் என்ற பெயர் தட்டுப்படும்: 1938, 1966, பிறகு 1969 முதல் 1971 வரை தொடர்ந்து மூன்று, கடைசியாக 1986. 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேரை அயர்லாந்து வெளியே அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது இங்கிலாந்துக்கு. 1980களில் வேலையின்மை மீண்டும் இளைஞர்களைக் கப்பலேற்றியது. லண்டனின் வெற்றிகளுக்குப் பயிற்சியும் திறமையும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, ஒரு தேசம் தன் பிள்ளைகளை இழந்த கணக்கையே நான் அதில் படிக்கிறேன். இத்தகைய பட்டியல்களை மரபுச் சொத்தாகப் பெற்றிருக்கும் நாம், அவற்றில் பெரும்பாலும் வென்றவரை மட்டுமே தேடுகிறோம்.

சீனியர் சாம்பியனுக்கு 1928 முதல் தரப்படும் கோப்பையும் புலம்பெயர்ந்த ஒருவரின் பெயரையே தாங்கியிருக்கிறது. கார்க் கவுண்டியில் பிறந்து லண்டன் அஞ்சல் துறையில் பணியாற்றிய சாம் மகுவயர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அணிக்காக அகில அயர்லாந்து இறுதிப்போட்டிகளில் ஆடித் தோற்றவர்.

கில்கென்னிக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1888, 1900, 1911 ஆகிய ஆண்டுகளில் லென்ஸ்டர் மாகாணத்தின் சீனியர் கால்பந்துப் பட்டம் அதனுடையது. பிறகு ஹர்லிங் அந்த மண்ணை முழுதாக ஆட்கொண்டது. கால்பந்து, பெரிய மரத்தடியில் முளைத்த செடியாய் வெளிறிப்போனது. 2015 முதல் 2019 வரை ஜூனியர் பட்டத்தைத் தொடர்ந்து ஐந்து முறை கெர்ரியே அள்ளிக்கொண்டது. சீனியரில் கோலோச்சும் கவுண்டிக்கு அது தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. பெருந்தொற்றால் தடைபட்ட ஜூனியர் போட்டி 2022இல் திரும்பியபோது பெரிய கவுண்டிகள் அதில் இல்லை. கில்கென்னியும் பிரிட்டன் அணிகளும் நியூயார்க்குமே எஞ்சின. மலிவான பட்டம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கோ, போட்டி தனக்குரியவர்களிடம் வந்து சேர்ந்ததாகவே படுகிறது.

1947இல் கேவனும் கெர்ரியும் மோதிய சீனியர் இறுதிப்போட்டி நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. கடல் கடந்தவர்களைத் தேடி அன்று ஆட்டமே போயிற்று. 2022இல் அந்நகரத்து அணி டப்ளின் வந்து தோற்றுத் திரும்பியது. ஆனால் மறு ஆண்டு ஏப்ரலில், நியூயார்க்கின் சீனியர் அணி பிராங்ஸில் தன் முதல் சாம்பியன்ஷிப் வெற்றியைப் பெனால்டிகளில் பெற்றது. தோற்றது லீட்ரிம்: 1841இல் ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த, இன்று சுமார் 35,000 பேரே மிஞ்சியிருக்கும் கவுண்டி.